எட்டு இடங்களில் கடிகாரம்

உழவர்கரையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சிவசங்கரி வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. அதில் ஒன்பது வருடம் பக்கத்து நாற்காலியில் இனியவன் இருந்தான். அவன் பிரான்சுக்குப் போய் ஒன்றரை வருடம்.

இருவரும் ஓயாமல் சண்டை போட்டது ஒரே விஷயத்துக்காக: மெதுவாக ஓடும் புரோகிராமை எப்படி அளப்பது? விநாடிக்கு நூறு தடவை எட்டிப் பார்த்து, அப்போது எந்தப் பகுதி ஓடுகிறது என்று குறித்துக்கொண்டால் போதும் என்பாள் அவள்.

"சந்தேகப்படற எடத்துல ஆரம்பத்துலயும் முடிவுலயும் நேரத்தக் குறிச்சு வெய்யி. அதான் நெசம்" என்பான் அவன்.

"அப்படிக் குறிக்கறதே அத இன்னும் மெதுவாக்கும்" என்று மடக்குவாள். டீ ஆறிப்போகும்.

சித்திரையில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. இவர்கள் செய்து கொடுத்த டோக்கன் புரோகிராம் காலை நேரத்தில் அடிக்கடி நாலைந்து விநாடி உறைந்துவிடுகிறதாம். வரிசை வாசல்வரை நிற்கிறதாம். சிவசங்கரி தன் வழியிலேயே மூன்று நாள் அளந்தாள். குறை ஒன்றும் தெரியவில்லை. அவள் கருவி ஓடுகிற பகுதிகளை மட்டுமே பார்த்தது. புரோகிராம் சும்மா காத்து நிற்கிற நேரம் அதன் கண்ணில் படவில்லை. அது அவளுக்கு உறைக்க நாலாம் நாளாயிற்று. எதிர்த்துப் பேச அவன் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

எட்டே எட்டு இடங்களில் நேரம் குறிக்க வைத்தாள். மறுநாள் காலை பத்து மணிக்குள் பிடிபட்டது. மாடியில் எப்போதோ அணைத்துப் போட்ட பிரிண்டர் ஒன்றின் பதிலுக்காகப் புரோகிராம் காத்துக் கிடந்தது. பிரிண்டரை அழைக்கும் வரியைப் புரோகிராமிலிருந்து எடுத்தாள். வரிசை நகர்ந்தது.

மத்தியானம் அவனுக்குப் போன் செய்தாள்.

"உன் வழியிலதான் கெடச்சுது, இனியவா."

"ஒத்துக்கிட்டியா!" சிரித்தான்.

"அங்க யாரு கூட சண்ட போடற?"

"இங்க எல்லாரும் சரி சரின்னு போயிடறாங்க, சங்கரி." பின்னால் யாரோ அவனை அழைக்கும் குரல் கேட்டது. "மீட்டிங்குக்குக் கூப்புடறாங்க. அப்புறம் பேசறேன்."

எப்போது வருவாய் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் முப்பத்தொன்பது வயதில் முதல்முறையாகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். இனியவன் இடத்தில் இப்போது உட்காரும் லட்சுமி, "எங்க போறீங்கக்கா?" என்று கேட்டாள்.

"சும்மாதான்" என்றாள் சிவசங்கரி.