தனி ஸ்ட்ரைக்கருக்குத் தேக்காவில் தேர்வு

போன வாரம் என் கோச் பதவிக்கு ஆபத்து வந்தது. சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஆடும் ஒரு கால்பந்து அணிக்கு நான்தான் கோச். சம்பளம் கிடையாது... திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

இந்த சீசனில் நாங்கள் ஒரு கோல்கூடப் போடவில்லை. கடைசி ஆட்டத்திலும் கோல் விழாவிட்டால் கோச் விலக வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு வந்துவிட்டது. அதற்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டியவர்களில் என் மச்சினன் சேகரும் ஒருவன்!

எங்கள் ஆட்களுக்கு ஓட்டம் குறைவு, மூச்சு அதைவிடக் குறைவு. அதனால் எல்லாரையும் பின்னால் நிறுத்திவிட்டு, முன்னால் ஒரே ஒரு ஸ்ட்ரைக்கர் என்று முடிவெடுத்தேன். யாரை நிறுத்துவது? சேகர் வேகமானவன். பஸ் ஓட்டும் மணியம்... அகலமானவர்.

தனி ஸ்ட்ரைக்கரின் வேலை என்ன? தூக்கி அடிக்கும் பந்தை வாங்கி, மற்றவர்கள் வந்து சேரும்வரை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் நிற்பது. நீங்களே சொல்லுங்கள் — ஞாயிறு மதியம் தேக்கா உணவு நிலையத்தில் டேபிள் பிடிப்பதும் இதே வேலைதானே?

இருவரையும் அங்கே முன்னால் அனுப்பினேன். ஆளுக்கொரு டேபிள். நாங்கள் வரும்வரை விடக்கூடாது.

சேகர் ஒரே நிமிடத்தில் பிடித்துவிட்டானாம். ஆனால் நாங்கள் போனபோது தூணோரமாக நின்றுகொண்டிருந்தான்.

"டேபிள் எங்கடா?"

"ஒரு ஆன்ட்டி பிரியாணி தட்டோட நின்னாங்க அத்தான். பாவம் லா... குடுத்துட்டேன்."

மணியமோ இடம் பிடித்த அடையாளமாக டேபிளில் டிஷ்யூ பாக்கெட், ஒரு நாற்காலியில் குடை, இன்னொன்றில் தொப்பி, மீதி இடத்தில் தன்னையே பரப்பி உட்கார்ந்திருந்தார்.

"மூணு ஃபேமிலி வந்து முறைச்சாங்க கோச். நான் நிமிர்ந்தே பாக்கல."

வேகமாகப் பிடிக்க நிறைய பேர் இருக்கிறார்கள். பிடித்ததை விடாதவர்கள்தான் அபூர்வம்! மணியத்தையே தேர்வு செய்தேன். மனைவியின் தம்பியை பெஞ்சில் உட்கார வைத்த குற்றத்துக்கு அன்றிரவு எனக்கு ரசமும் மௌனமும்தான் பரிமாறப்பட்டன.

கடைசி ஆட்டம் சுவா சூ காங் வட்டார அணியோடு. மணியம் பந்தை நெஞ்சில் வாங்கி, கோல் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். இரண்டு பேர் தள்ளினார்கள். அசையவில்லை. பத்து விநாடி... இருபது விநாடி...

"கோச், யாரும் வரலையா?"

வந்துகொண்டுதான் இருந்தார்கள். நடுக்கோட்டில் மூன்று பேர் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார்கள். ஒருவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். என் கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

திடீரென்று கூச்சல். பொறுமையிழந்த எதிரணி ஆள் ஒருவர் மணியத்தின் கால்களுக்கிடையே காலை நுழைத்து, பந்தைத் தன் கோல்கீப்பருக்கு இழுத்து விட்டிருக்கிறார். கோல்கீப்பரோ கோலில் இல்லை... மணியத்தைத் தள்ள உதவிக்கு வந்திருந்தார்! பந்து தன்பாட்டுக்கு உருண்டு உள்ளே போய்விட்டது.

"அது நம்ம கோல் இல்ல அத்தான்!" என்றான் சேகர்.

"ஸ்கோர் நம்ம பக்கம்தானே ஏறுச்சு? பேசாம உட்காரு."

ஆறுக்கு ஒன்று என்று தோற்றோம். ஆனால் பதவி தப்பியது. இந்த சீசனில் எங்கள் அணியின் டாப் ஸ்கோரர் — சுவா சூ காங்கைச் சேர்ந்த ஒரு பல் டாக்டர்!