கம்ப்ரஸர் ஷெட் தேனடை

கலீமுல்லா பாயை மூக்கண்டப்பள்ளியில் எங்கள் கம்பெனி முழுக்கத் தெரியும். மெயின்டனன்ஸ் ஃபிட்டர். வீட்டில் உருது, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். ஒரு போல்ட்டைக்கூட அரைகுறையாக முடுக்க மாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்பார், வேறெதுவும் கேட்டதில்லை. ஷிஃப்ட் சூப்பர்வைசரான எனக்கு அவரைப் பிடிக்கும். அதனால்தான் இதை எழுத இவ்வளவு கூச்சமாக இருக்கிறது.

2006-ல் கம்ப்ரஸர் ஷெட் கூரையில் மலைத்தேனீ அடை கட்டியது. ஆட்கள் அந்தப் பக்கம் பார்த்துப் போகட்டும் என்று பாய்தான் மெயின்டனன்ஸ் ரிஜிஸ்டரில் எழுதி வைத்தார். அதை மேலே இருப்பவர்கள் படித்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஆடிட், அதற்குள் அடை இருக்கக் கூடாது என்று வேலையை என் தலையில் கட்டினார்கள்.

"நெருப்பு வெச்சிருங்க பாய்," என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அது மட்டும் என்னால ஆகாது சார். தேனீயக் கொல்லக் கூடாதுன்னு நபி சொல்லியிருக்காங்க. மலையில, மரத்துல, மனுசன் கட்டறதுல கூடு கட்டிக்கன்னு அல்லாவே அதுக்குச் சொன்னான், குர்ஆன்ல இருக்குது. இந்த ஷெட்டும் மனுசன் கட்டுனதுதானே?"

"ஆடிட்டர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கோபப்படவில்லை. "ஞாயித்துக்கெழமை வரைக்கும் டைம் குடுங்க. சூளகிரியில தேன் எடுக்கற ஆஞ்சப்பன் புகை போட்டு உசுரோட கெளப்பி உட்ருவார்."

சரி என்றேன். வாயால்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை, அடை இன்னும் இருக்கிறதே என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னை ஒரு கத்து கத்தினார். பாய் ஜும்மாவுக்குப் போன நேரம் பார்த்து, ரெயின்கோட்டும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு, நானே பூச்சிமருந்து அடித்தேன். திருட்டு வேலைக்கு அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைத்தது.

தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்தவர் தரையில் தேனீக்கள் செத்துக் குவிந்து கிடந்ததைப் பார்த்தார். "யார் சார்?"

"மேனேஜ்மென்ட் ஆள் அனுப்பிட்டாங்க பாய். எனக்கே தெரியாது."

"கையில என்ன?"

வலது கை வீங்கியிருந்தது. "வெல்டிங்ல சுட்டுக்கிட்டேன்."

எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, காம்பவுண்டு ஓரம் குழி தோண்டிப் புதைத்தார். "ரிஜிஸ்டர்ல நான் எழுதியிருக்கக் கூடாது சார். நானே காட்டிக் குடுத்துட்டேன்," என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் ஒரு சின்ன பாட்டிலில் தேன் கொண்டுவந்தார். "கைக்குத் தடவுங்க. இதுல மனுசனுக்கு ஷிஃபா இருக்குது, குணமாகும்னு குர்ஆன்ல சொல்லியிருக்குது." அவர் எதிரிலேயே தடவிக்கொண்டேன். என்னைப் போல் வெட்கம் கெட்டவன் உண்டா?

அதற்குப் பிறகு திங்களும் வியாழனும் பாய் கேன்டீன் பக்கம் வரவில்லை. கேட்டதற்கு, "எழுதுன பாவத்துக்கு நோன்பு. யாரும் சொல்லல, நானா வெச்சுக்கிட்டேன்," என்றார். கோடை வெயிலில், காய்ந்த உதட்டோடு, ஃபர்னஸ் பக்கத்தில் முப்பது நோன்பு. நான் டீ கிளாஸோடு அவரைக் கடந்து போவேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். டீதான் தீரும்.

2009-ல் ரிட்டயர் ஆனார். மாலை, சால்வை எல்லாம் முடிந்து பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். அங்கே உடைத்துச் சொன்னேன். "மருந்து அடிச்சது நான்தான் பாய்."

"தெரியும் சார். கொட்டுன வீக்கத்துக்கும் சுட்ட காயத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"அப்ப எதுக்குத் தேன் குடுத்தீங்க?"

"கை வலிச்சுதில்ல?"

"அந்த நோன்பு?"

"அது நான் எழுதுனதுக்கு. என்னோட கணக்கு முப்பதோட முடிஞ்சுது."

கிருஷ்ணகிரி பஸ் வந்தது. படியில் கால் வைத்தவர் திரும்பி, "உங்களுது உங்ககிட்டதான் சார் இருக்குது," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். என் கையை மட்டும் ஒருமுறை அழுத்திவிட்டு ஏறிக்கொண்டார்.