எலியை நிறுத்து

என் தங்கச்சி புருஷனுக்கு சிக்னல்னு பேர் வச்சதே நான்தான். நான் பஸ் ஓட்டறவன். இருபத்திரண்டு வருஷமா சிவப்பு விளக்கைத் திட்டிக்கிட்டே வயித்தைக் கழுவறவன். வாரத்துல ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவு. அன்னைக்கும் ஒருத்தன் எதிர்ல வந்து உக்காந்து என்னை நிறுத்தினா எப்படி இருக்கும்?

சீட்டாட்டம்தான். ஆனா ராஜா ராணி சீட்டு இல்ல. டிராகன், பூதம், சூனியக்காரின்னு படம் போட்டது. பாக்கெட் பாக்கெட்டா வாங்கி அவனவன் சீட்டுக்கட்டை அவனவனே சேர்க்கணும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சக்தி கிடைக்கும், அதைச் செலவு பண்ணி ஒரு மிருகத்தை இறக்கினா அது எதிராளியைப் போய் அடிக்கும். எலி மாதிரி சின்னது அடிச்சா ஒரு புள்ளி போகும், டிராகன் அடிச்சா ஏழு. இருபது புள்ளி போனவன் காலி. ஸ்டேஷனரி கடை மாடியில நாலு மேஜை போட்டிருக்கும், கடைக்கார அம்மாதான் நடுவர்.

என் கட்டு எலியில ஆரம்பிச்சு டிராகன்ல முடியும். மாப்பிள்ளை கட்டுல அடிக்கிற மிருகமே மூணுதான். மிச்சமெல்லாம் நம்மள இழுத்துப் பிடிக்கற சீட்டு. ஒண்ணு உறைய வைக்கும். ஒண்ணு, நாம இறக்கினதைத் திரும்ப நம்ம கைக்கே அனுப்பிடும். அதுலயும் பனிச்சங்கிலின்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது விழுந்தா அந்த மிருகம் ஆட்டம் முடியற வரைக்கும் அசையாது. கட்டுக்கு ஒண்ணே ஒண்ணுதான் வச்சுக்கலாம்.

அதை என் எலி மேல போடவே மாட்டான். எலி ஒவ்வொண்ணா கடிச்சுக்கிட்டே இருக்கும், இவன் கல்லுப்பிள்ளையார் மாதிரி பாத்துக்கிட்டு இருப்பான். "எலிதானே மச்சான். பெருசு வரட்டும்." பெருசு வரும், சங்கிலி விழும். பாதி நாள் அவன்தான் ஜெயிப்பான்.

அவனுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில, பிரேமுக்கு லென்ஸ் பொருத்தறது. கடுகைவிடச் சின்னத் திருகாணியை விரல் நுனியில எடுத்து முடுக்கறவன். ரெண்டு வருஷம் முன்னாடி அந்தத் திருகாணி கீழ விழ ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட போன்னு தங்கச்சி கெஞ்சியிருக்கா. "கட்டை விரல் மரத்துப் போகுது, அவ்வளவுதானே. பெருசா ஏதாவது வந்தா பாத்துக்கலாம்"னு சொல்லியிருக்கான்.

எனக்கு அது தெரியாது. நான் பாத்தது மேஜையில. சீட்டைக் கலைக்கவே மூணு நிமிஷம். ஒரு சீட்டை உருவறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும். ஒரு ஆட்டத்துக்கு அம்பது நிமிஷம்தான், முடியலைன்னா சமம். சீட்டால இழுத்தது போதாதுன்னு கடிகாரத்தையும் இழுக்கறான்னுதான் நினைச்சேன். ரெண்டு தடவை டிராகனைக் கையில வச்சுக்கிட்டே சமம் வாங்கினேன். மூணாவது தடவை கோபம் தலைக்கேறி நடுவர் அம்மாவைக் கூப்பிட்டுட்டேன். வேணும்னே தாமதம் பண்ணினா தோல்வின்னு எழுதிடுவாங்க. எழுதினாங்க. ரூமே சிரிச்சுது, அவனும் சிரிச்சான். "சிக்னலையே பிடிச்சுக் குடுத்துட்டியே மச்சான்."

கை வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கை போச்சுங்கறதைவிட தந்திரக்காரன்னு பேர் வாங்கறது அவனுக்குச் சௌகரியமா இருந்திருக்கு, பாவி. அவனை விடுங்க. ஒன்றரை வருஷம் அந்தக் கையை நேருக்கு நேரா பாத்துக்கிட்டு இருந்தேனே, என் புத்தி எங்க மேயப் போச்சு?

ஒரு நாள் சட்டை பட்டன் போட முடியாம நின்னப்பதான் தங்கச்சி இழுத்துக்கிட்டுப் போனா. நரம்பு ஒண்ணொண்ணா செத்துக்கிட்டு வருதாம். குணமாக்க மருந்தே இல்லையாம். வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை இருக்கு, விரலோட இருக்கறப்பவே வந்திருந்தா கொஞ்ச காலம் பிடிச்சு வச்சிருக்கலாம், இப்ப நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சுன்னாரு டாக்டர். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன.

இப்ப ஞாயித்துக்கிழமையானா நான்தான் அவங்க வீட்டுக்குப் போறேன். கட்டில் பக்கத்துல ஸ்டூல். பலகையில கோடு கீறி, அவன் சீட்டை அவன் பக்கம் பாத்த மாதிரி சொருகி வச்சிருக்கேன். அவன் சொல்றதை நான் எடுத்துப் போடணும். போன வாரம் எடுத்த எடுப்புல எலியை இறக்கினேன்.

"சங்கிலியைப் போடு"ன்னான். பேச்சும் குழறுது இப்ப.

"எலிதான் மாப்பிள்ளை. பின்னாடி டிராகன் வந்தா என்ன பண்ணுவே?"

"எலியை நிறுத்து மச்சான்."

போட்டேன். எலி நின்னுடுச்சு. ஏழாவது முறையில டிராகன் என் கைக்கு வந்துது. அவன் பலகையில இருந்த நாலு சீட்டும் எனக்குத் தெரியும், சொருகினதே நான்தானே, டிராகனைத் தடுக்க ஒண்ணும் இல்ல. சிவப்பு விளக்கைக் கண்டாலே எரியறவன் நான், சீட்டைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன். உள்ள மூச்சு மெஷினைக் கழுவற சத்தம் கேட்டுது, தங்கச்சிதான். எவ்வளவு நேரம் போச்சுன்னு தெரியல.

"வேணும்னே தாமதம் பண்றே. அந்தம்மாவைக் கூப்பிடவா?"ன்னான்.

இறக்கினேன். மூணே அடியில ஆட்டம் முடிஞ்சுது. எலி கடைசி வரைக்கும் அசையவே இல்ல.