கொள்ளிடத்து மணலில் ஒரு குடை

பிள்ளைகளே, சமயபுரம் பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் உங்கள் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே மணலையே பார்ப்பாள். "குடை ஏதாவது தெரியுதா?" என்று நான் கேட்பேன். உடனே என் தொடையில் ஒரு கிள்ளு விழும். நீங்கள் இரண்டு பேரும், "என்னப்பா, என்ன குடை?" என்று நச்சரிப்பீர்கள். பஸ் போடுகிற சத்தத்தில் சொல்லி முடிகிற கதை இல்லை அது. அதனால் எழுதிவிடுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை கிடந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

அப்போது நீங்கள் பிறக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பாகத்தில் நாங்கள் குடியிருந்தோம். மாடியில் ஒரு காலேஜ் வாத்தியார். பிராணிகளைப் பற்றிப் பாடம் சொல்கிறவர். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் எல்லோருக்கும் அவர் 'சார்'. எனக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கொதிகலனுக்கு ரிவெட் ஆணி அடிக்கிற வேலை. வாரம் முழுக்க இரும்பின் மேல் இரும்பு விழுகிற சத்தம். வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் அம்மா எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரம். நான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சார் கழுத்தில் தூரக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார்.

"கொள்ளிடத்துக்கு நாலு பேரைக் கூட்டிட்டுப் போறேன். பறவை, பிராணி எல்லாம் காட்டப்போறேன். நீங்களும் வாங்களேன்."

போனேன். அன்றைக்கு ஆற்றோரத்து நாணலுக்குள் ஏதோ ஒரு சிறு குருவி விசில் அடித்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். காதுக்குள் இரும்புச் சத்தம் இல்லை! அந்த விசில் மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் விடவில்லை. மற்ற ஆறு நாளும் அந்த ஒரு காலைக்காகத்தான் சுத்தியலைத் தூக்கினேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

நிரந்தரமாக வந்தவர்கள் சிலபேர்தான். பாலக்கரையில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர். வெயில் ஆகாது என்று எப்போதும் ஒரு பெரிய கறுப்புக் குடையோடு வருவார். அடுத்தவர் தபாலாபீஸில் இருந்து ரிடையரான ஸ்ரீரங்கத்து மாமா. திருமண் இட்டுக்கொள்ளாமல் நடைக்குக் கிளம்ப மாட்டார். அப்புறம் நான். சில மாதம் கழித்து, "அப்படி என்னதான் பாக்குறீங்க அங்க?" என்று கேட்டுக்கொண்டு உங்கள் அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

சாருக்குச் சட்டங்கள் உண்டு. பளிச்சென்ற வெள்ளை கூடாது. கையை ஆட்டிப் பேசக்கூடாது. மணலில் முன்னால் போகிறவர் கால் பதிந்த இடத்திலேயே அடுத்தவரும் கால் வைக்க வேண்டும். மணலில் முட்டையிடுகிற பறவைகள் உண்டு, மிதித்துவிடுவோம் என்பதற்காக. மாமாவின் வெள்ளை வேட்டிதான் பெரிய தகராறு. பாய் தன் கடையிலிருந்து ஒரு காக்கித் துண்டுத்துணி கொண்டுவந்து நீட்டினார்.

"இத மேல சுத்திக்குங்க சாமி. போலீஸ்காரர்னு நெனச்சு நரி சல்யூட் அடிக்கும்."

"ஓய், என்னை நரிகிட்ட மாட்டிவிடறதுல உமக்கு என்ன லாபம்?" என்றார் மாமா. ஆனால் சுற்றிக்கொண்டார்.

இனிமேல்தான் விஷயம். சித்திரை மாதம். கொள்ளிடத்தில் தண்ணீர் ஒரு ஓரமாக வாய்க்கால் போலச் சுருங்கிப் போயிருந்தது. மற்றதெல்லாம் மணல். வெயில் ஏறிச் சுட ஆரம்பித்திருந்தது. நாங்கள் வரிசையாக, ஒருவர் தடத்தில் ஒருவர் கால் வைத்துப் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று தலைக்கு மேலே ஒரு கத்தல். ஆள்காட்டி! உங்களுக்கும் தெரியும். மஞ்சள் கால், கறுப்பு மார்பு, கண்ணுக்கு முன்னால் சிவப்பாய் ஒரு சதைத் தொங்கல். ஆள் வருவதை ஊருக்கே சொல்லிவிடும். அது பாய்ந்து பாய்ந்து வந்தது. மாமா குனிந்துகொண்டார்.

சார் கையைத் தூக்கி நிறுத்தினார். தூரக்கண்ணாடியைக் கொடுத்து ஒரு இடத்தைக் காட்டினார். எனக்குக் கூழாங்கல்தான் தெரிந்தது. "கல்லையே பாருங்க" என்றார். பார்த்தேன். கல்லில் நாலு கல் முட்டையாக மாறியது! மண் நிறம், மேலே கறுப்புத் தீற்றல். கூடு என்று ஒன்றும் இல்லை. மணலில் ஒரு உள்ளங்கைக் குழி, அவ்வளவுதான்.

"இந்தக் கூட்டை இதுவரைக்கும் யாருக்கும் காட்டல. உங்களுக்குத்தான் மொதல்ல காட்டுறேன்" என்றார் சார். முகமெல்லாம் சிரிப்பு. "முன்னால மடுவுல நீர்நாய் இருக்கான்னு பாத்துட்டு வரேன். இருந்தா கை காட்டுறேன். அதுவரைக்கும் இங்கயே நில்லுங்க."

அவர் மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினதும் உங்கள் அம்மா என் சட்டையைப் பிடித்தாள்.

"ஏங்க, அந்த முட்டை வெந்துரும்ங்க. கால் வைக்க முடியல, எனக்கே செருப்பைத் தாண்டிச் சுடுது."

நினைத்துப் பாருங்கள், சித்திரை மாதம். ஊரில் தெருவுக்குத் தெரு தண்ணீர்ப்பந்தல் போட்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் மோர் ஊற்றுகிற காலம். சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்கள் காலுக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஜனங்கள் நாங்கள். எங்கள் கண் முன்னால் நாலு முட்டை வெயிலில் கிடந்தால் சும்மா நிற்போமா?

பாய் குடையை நீட்டினார். "வாயில்லா ஜீவன். நான் ஒரு நாள் வெயில்ல நடந்தா செத்தா போயிருவேன்?"

மாமா அதை வாங்கி, காம்பை மணலில் ஆழமாகச் சொருகி, குழியின் மேல் சாய்த்து நிறுத்தினார். இரண்டு அடி பின்னால் வந்து பார்த்தார். "பெருமாளுக்குத் திருக்குடை மாதிரி என்ன அழகா இருக்கு பாரும்!" உங்கள் அம்மா காம்பின் அடியில் கல் முட்டுக் கொடுத்தாள். நிழல் சரியாக முட்டைகளின் மேல் விழுந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஆள்காட்டி மேலே கத்திக்கொண்டே இருந்தது. அது நன்றி சொல்கிறது என்றார் பாய்!

அதற்குள் மேட்டின் மேல் சாரின் கை தெரிந்தது. ஓடினோம். பிள்ளைகளே, அன்றைக்குப் பார்த்த நீர்நாயை என்னவென்று சொல்வேன்! ஒரு குடும்பமே மடுவில் இருந்தது. எண்ணெய் தடவினது போல உடம்பு. ஒன்று மீனைக் கவ்விக்கொண்டு மல்லாந்து மிதந்தது. இன்னொன்று வந்து அதைப் பிடுங்கப் பார்த்தது. முறைப்பு, சீறல், தண்ணீருக்குள் ஒரே கட்டிப்புரளல். குட்டி ஒன்று கரைக்கு வந்து எங்களைப் பார்த்துத் தும்மியது. "நாயைப் பாக்கவா சாமி இருட்டுல எந்திரிச்சு வந்தீங்க?" என்று பாய் காதோடு கேட்டார். மாமா வாயைத் துணியால் பொத்திக்கொண்டு குலுங்கினார். உங்கள் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வளையல் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது. நாங்கள் நேரத்தையே மறந்துவிட்டோம்.

திரும்பி வரும்போது சார்தான் முன்னால். மேட்டின் மேல் ஏறினவர் அப்படியே நின்றார்.

"அது என்ன குடை?"

எட்டிப் பார்த்தேன். குடை நாங்கள் வைத்தபடியே நின்றது. ஆனால் வெயில் நகர்ந்திருந்தது! நிழல் குழியை விட்டு ஓரமாய் வெறும் மணலில் கிடந்தது. முட்டைகள் நேர் வெயிலில். ஆள்காட்டி ஓடி வரும், குடையைப் பார்த்ததும் கத்திக்கொண்டு பின்வாங்கும், மறுபடி ஓடி வரும். நாங்கள் போனதிலிருந்து அதுதான் நடந்திருக்கிறது.

சார் போய்க் குடையைப் பிடுங்கி மடக்கிக்கொண்டு வந்தார். திட்டவில்லை. எங்களைத் தூரத்து நாணல் புதருக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்தார்.

"எங்க வாத்தியார் சொன்னாரு, ஜனங்களைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதே, கெடுத்துருவாங்கன்னு. நாலு பேரைக் கூட்டிட்டுப் போனா நாலு காவலாள் கிடைப்பாங்கன்னு நான் அவர்கிட்ட சண்டை போட்டேன்." கொஞ்ச நேரம் மணலைக் கிளறினார். "இந்த முட்டையில குஞ்சு வந்துச்சுன்னா மறுபடி எல்லாரும் போலாம். வரலைன்னா, அவர் சொன்னதுதான் சரி. நான் தனியாவே நடந்துக்கிறேன்."

உங்கள் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமையும் இரும்புச் சத்தத்தோடு வீட்டில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"சார், அங்க பாருங்க!" என்றாள் உங்கள் அம்மா.

ஆள்காட்டி கூட்டுக்குப் போகவில்லை. நேரே தண்ணீருக்குப் போனது. "குடிக்கப் போகுது" என்றார் பாய். குடிக்கவில்லை. ஓரத்தில் இறங்கி, முழங்கால் மடக்கி உட்கார்ந்து, வயிற்று இறகை விரித்துத் தண்ணீரில் அசைத்தது. துணியை அலசுவோமே, அதே மாதிரி! பிறகு எழுந்து, வேறு எதையும் பார்க்காமல் மணலில் குடுகுடுவென்று ஓடியது. குழிக்கு வந்தது. இறகைச் சிலிர்த்து, முட்டைகளின் மேல் மெல்ல அமர்ந்தது. தூரக்கண்ணாடியில் பார்த்தேன். அதன் வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது!

"தண்ணி கொண்டுவருது! வயித்துலயே தண்ணி கொண்டுவருது!" நான் கத்தியேவிட்டேன். சார் என் வாயைப் பொத்தினார். புத்தகத்தில் படித்திருக்கிறாராம். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாமா தூரக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அது தானே தண்ணீர்ப்பந்தல் வச்சிருக்கு ஓய். நாம போய் அதைக் கலைச்சுட்டோம்" என்றார்.

ஆனால் முட்டை உயிரோடு இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அந்த வாரம் பூராவும் சார் சாயங்காலம் தனியாக ஆற்றுக்குப் போய் வருவார். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் உங்கள் அம்மா அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். "உக்காந்திருக்குங்க" என்பார். அந்த ஒரு வார்த்தைதான். மேலே போய்விடுவார். ஞாயிறு வந்தது. நடை இல்லை. நான் பாயைப் பாலக்கரையில் பார்த்தேன். கடை வாசல் வெயிலில் நின்றிருந்தார். குடை உள்ளே மாட்டியிருந்தது. "எடுக்க மனசு வரல" என்றார்.

அதற்கடுத்த வாரம் ஒரு சாயங்காலம் படியில் தடதடவென்று ஓடிவரும் சத்தம். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. "வந்துருச்சு! நாலும் வந்துருச்சு!" சார்தான். உங்கள் அம்மா கையில் இருந்த மாவோடு அவரைக் கும்பிட்டாள். மாமா வீட்டுக்கு நானே ஓடினேன். பாய்க்குச் சொல்ல இருட்டுவதற்குள் சைக்கிளில் காவேரிப் பாலம் தாண்டிப் பாலக்கரைக்குப் போனேன். அவர் கடைக்கு வந்திருந்தவர்களுக்கெல்லாம் சர்பத் வாங்கிக் கொடுத்தார். யாருக்கும் எதற்கு என்று புரியவில்லை. எல்லோரும் குடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போனோம். நாணல் புதரைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை. குஞ்சுகள் தீக்குச்சிக் கால்களில் ஒட்டின பஞ்சு மாதிரி தண்ணீர் ஓரமாய் ஓடின. மேலே ஒரு பருந்து வந்தது. தாய் ஒரு குரல் கொடுத்தது. அவ்வளவுதான், குஞ்சுகளைக் காணோம்! கூழாங்கல் மட்டும்தான் இருந்தது. பருந்து போனதும் கல் எழுந்து ஓடியது. மாமா கைதட்டப் போனார். பாய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் முக்கொம்பு பக்கம் போலாமா?" என்று கேட்டார் சார், எங்களைப் பார்த்து.

எல்லோரும் கரையேறினார்கள். நான் கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பின்தங்கினேன். உங்கள் அம்மாவுக்குக்கூட இது தெரியாது. பறவைகள் குஞ்சுகளோடு வெகுதூரம் கீழே போயிருந்தன. நான் தண்ணீரில் இறங்கி, தோள் துண்டை நன்றாக நனைத்து, வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்தக் காலிக் குழியை நோக்கி ஓடினேன். மணல் உள்ளங்காலைப் பொசுக்கியது. வழியெல்லாம் தண்ணீர் ஒழுகியது. குழிக்கு முன்னால் மண்டியிட்டுத் துண்டை முறுக்கினேன்.

கொஞ்சம் மிச்சம் இருந்தது. சொட்டுச் சொட்டாக விழுந்து மணல் கறுத்தது.