பதினோரு சீட்டுகள்

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். இது ஜோதிலிங்கத்துக்கு நிஜமாகவே நடந்தது. 1997 ஜனவரி, டெல்லி. அந்தச் சீட்டுகளை நானும் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

ஜோதிலிங்கமும் வேணுவும் முனிர்காவில் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். இருவருக்கும் ஒரே ஆராய்ச்சி: வெள்ளைக்கார மிஷன்கள் மலைவாழ் மக்களிடம் போய் வேதம் சொன்னதும், கூடவே தேனும் மெழுகும் வாங்கி விற்றதும். ஜோதிலிங்கம் ஆறு வருடமாக அதில் உழன்றுகொண்டிருந்தான். வேணு வந்து இரண்டே வருடம். அதற்குள் லண்டன் உதவித்தொகைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் ஒரு அத்தியாயம் அனுப்பியாக வேண்டும். அதற்கு ஆவணக் காப்பகத்தில் ஒரே ஒரு கோப்பு தேவை, 1841-ஆம் வருட மிஷன் கடிதங்கள்.

"அண்ணே, அந்த ஃபைலை யாரோ எடுத்து வச்சிருக்காங்களாம். தினம் கேட்டுட்டுத் திரும்பி வர்றேன்."

"அச்சா? கிடைக்கும்டா, கவலைப்படாதே."

கோப்பு ஜோதிலிங்கத்திடம்தான் இருந்தது. காலையில் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்று முழுக்க அது அவனுக்கு. முதல் ஆளாகப் போய் வாங்கி, மற்ற கோப்புகளுக்கு அடியில் வைத்துவிடுவான். ஒரு வரி படிக்கவில்லை. வயிற்றெரிச்சல், வேறொன்றுமில்லை.

ஒன்பதாவது நாள், மாலை 4.10. கிறீச்... கிறீச்... என்று ஒரு சத்தம். மைப்பேனா முள் காகிதத்தில் கீறுகிற சத்தம். காப்பகத்து வாசிப்பறையில் பென்சில் தவிர எதற்கும் அனுமதியில்லை. திரும்பினான். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

பத்தாவது நாளும் அதே சத்தம். நாற்காலியைத் தொட்டுப் பார்த்தான். எலும்பு நடுங்கும் குளிரில் அது வெதுவெதுப்பாக இருந்தது.

பதினோராவது நாள், 4.35. வெளியே பனிமூட்டம். கரண்ட் போனது.

கிறீச்... கிறீச்...

காதருகில்.

சத்தம் நின்றது. மேஜைமேல் ஏதோ நகர்ந்தது. அந்தக் கோப்பு... யாரோ அதை இன்னும் அடியில் தள்ளினார்கள்.

அவனுக்கு உதவுவது போல.

4.38. வெளிச்சம் வந்தது. பக்கத்தில் யாருமில்லை.

கோப்புகளை வாங்க வந்த ஊழியர் ராம்பால் நாற்காலியைப் பார்த்தார். "ஆப்கே சாத்வாலே சாப் சலே கயே?" கூட இருந்தவர் போய்விட்டாரா என்று கேட்டார்.

"யாரு?"

தினமும் உங்கள் பக்கத்தில் உட்காருவாரே என்றார் ராம்பால், சாதாரணமாக.

கோப்பைக் கொடுத்துவிட்டு ஓடாத குறையாக அறைக்கு வந்தான். "ஃபைல் வந்துடுச்சாம், நாளைக்குப் போ," என்று வேணுவிடம் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் படுத்துக்கொண்டான்.

மறுநாள் ஆறு மணிக்கு வேணு திரும்பினான். ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை.

"மிஷன்ல ரெண்டு தமிழ்க் குமாஸ்தா இருந்திருக்காங்க. ஒருத்தன் மலைக்காரங்க பேச்சைக் கத்துக்கிட்டு, வார்த்தையெல்லாம் எழுதி வச்சான். துரைக்கு அவன்மேல தனிப் பிரியம். இன்னொருத்தன் பேர் மாசிலாமணி. பொறாமையில அந்த நோட்டை ஒளிச்சு வச்சுட்டான். மறுபடி எழுதிக்கலாம்னு நோட்டைத் தொலைச்சவன் மழையில மலையேறிப் போனான். காய்ச்சல்ல அங்கேயே செத்தான். மலைக்காரங்கதான் புதைச்சிருக்காங்க. மாசிலாமணியே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு லெட்டர் எழுதியிருக்கான்."

ஜோதிலிங்கம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். "எத்தனை நாள் ஒளிச்சு வச்சான்?"

"பதினோரு நாள்."

வேணு பையிலிருந்து சீட்டுகளை எடுத்துக் கட்டில்மேல் பரப்பினான். கோப்புக்குள்ளேயே இருந்தனவாம். பதினொன்று. எல்லாவற்றிலும் ஜோதிலிங்கத்தின் பென்சில் கையெழுத்து.

ஒவ்வொன்றின் அடியிலும், பழுப்பேறிய மையில், இன்னொரு கையெழுத்து.

மாசிலாமணி.

"அந்த லெட்டர்லயும் இதே கையெழுத்துதான்," என்றான் வேணு. அண்ணே என்று கூப்பிடவில்லை.