கல்லில் வந்த வெள்ளி

1973-ஆம் வருடம் பொங்கல் விடுமுறைக்கு, பெரிய காஞ்சிபுரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு நான் ஒரு கல்லோடு வந்தேன். அப்போது சென்னையில் ஜியாலஜி எம்.எஸ்ஸி. கடைசி வருடம். எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் தறி. கல்லைப் படிக்கப் போனவள் நான் ஒருத்திதான். "கல்லுல என்னம்மா இருக்குது படிக்க?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப் போயிருந்தேன்.

அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கறுப்புக் கல். நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்குப் பச்சையாக ஒரு துண்டு. அந்தப் பச்சை, குழம்பில் பிறந்ததல்ல. பூமியின் மேலோட்டுக்கும் கீழே, மனிதன் தோண்டி எட்ட முடியாத ஆழத்தில் இருக்கும் பாறை அது. குழம்பு மேலே வரும் வேகத்தில் அதைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் என் ஆய்வேடு. கல்லை இரண்டாக அறுத்து, ஒரு பாதியைப் படம் வரைய வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். வரைந்து முடித்துத் திரும்ப எடுத்துப் போனேன்.

அறுத்த முகத்தைச் சீவி எறிந்துவிட்டு உள்பகுதியைத்தான் அரைக்கத் தர வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோன பாதியில் பச்சைத் துண்டோ சிறியது. வீணாக்க மனமில்லாமல் அப்படியே கொடுத்துவிட்டேன்.

அரைத்துத் தந்தவர் ஆய்வுக்கூட உதவியாளர். காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அவர் குடும்பத்தில் அரசாங்க வேலைக்கு வந்த முதல் ஆள். அதுவும் தற்காலிக வேலை. நிரந்தரம் செய்யச் சொல்லி அந்த மாதம்தான் பேராசிரியர் கடிதம் எழுதுவதாக இருந்தது.

பொடியை மின்பொறியில் எரித்து அந்த ஒளியைக் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தால், ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய கோடுகளைக் காட்டும். நிக்கல், குரோமியம் எல்லாம் எதிர்பார்த்தபடி இருந்தன. கூடவே வெள்ளி, அழுத்தமாக. எனக்குத் தலைகால் புரியவில்லை. பூமியின் அடியாழத்தில் வெள்ளி கண்டவள் என்று மனதுக்குள் பட்டமே சூட்டிக்கொண்டேன்.

பேராசிரியர் தகட்டைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "இந்தப் பாறையில இவ்வளவு வெள்ளி வராதும்மா. எங்கேயோ கலந்திருக்கு. யார் அரைச்சது?" என்றார்.

அவமானத்தில் எனக்கு யோசனை ஓடவில்லை. முந்தின வாரம் அதே உரலில் உதவியாளர் ஈயத் தாது அரைத்ததைச் சொன்னேன். ஈயத் தாதுவில் வெள்ளியும் இருக்கும் என்பதால் காரணம் கச்சிதமாகப் பொருந்தியது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "மூணு வாட்டி கழுவிக்கினுதான் சார் அரைச்சேன்," என்றார். பேராசிரியர் நம்பவில்லை. கடிதத்தை நிறுத்திவைத்தார்.

இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் போனேன். அப்பா புது ஜரிகை வாங்கிவந்திருந்தார். ஜரிகையைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மேலே இருக்கும் வெள்ளியும் தங்க முலாமும் தேய்ந்து, உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் அசல். அப்பா வழவழத்துப் போயிருந்த அம்மிக் குழவியில் தேய்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"ஏம்மா, பொங்கலுக்கு எடுத்தாந்தியே ஒரு கறுப்புக் கல்லு, அது இருக்குதா?"

"எதுக்குப்பா?"

"ஜரிகை பாக்கத்தான். நீ கோயிலுக்குப் போயிருந்தப்போ அதோட அறுத்த பக்கத்துலதான் ஏழெட்டு வாட்டி தேச்சிப் பாத்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கல்லு. அப்புறம் உங்கம்மா ஈரத்துணியால தொடச்சி வெச்சிட்டா."

தகட்டில் தெரிந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. அப்பா மேல் கோபம் வரவில்லை. சொரசொரப்பான கல்லைக் கண்டால் எந்த நெசவாளிக்கும் கை அரிக்கத்தான் செய்யும். இதைத் தொடக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லாதவள் நான்தான்.

திங்கட்கிழமை அந்தத் தகட்டை மறுபடி விளக்கின் மேல் வைத்துப் பார்த்தேன். வெள்ளி இருந்தது, ஜரிகை வெள்ளியில் சேர்க்கும் செம்பு இருந்தது, மெல்லியதாகத் தங்கமும் இருந்தது. ஈயம் மட்டும் இல்லை. ஈயத் தாதுவிலிருந்து வந்த வெள்ளி என்றால் முதலில் ஈயம் அல்லவா தெரிந்திருக்க வேண்டும்? முதல் வருட மாணவிகூடச் சொல்லிவிடுவாள். உதவியாளர் மேல் தப்பில்லை என்பதற்குச் சாட்சி முதல் நாளிலிருந்தே என் கையில் இருந்திருக்கிறது. பழி போட ஓர் ஆள் கிடைத்த பிறகு நான் அதைத் தேடவே இல்லை.

சொன்னால் அந்த வருடம் பட்டம் கிடைக்காது என்று தெரியும். மத்தியானம் வரை பேராசிரியர் அறை வராந்தாவிலேயே நின்றேன். பிறகு உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். பேராசிரியர் திட்டவில்லை. கடிதத்தை அன்றைக்கே தட்டச்சு செய்யச் சொன்னார். என்னை, மீதிப் பாதிக் கல்லை வைத்து முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். எனக்கு ஆறு மாதம் போயிற்று. உதவியாளருக்கு வேலை நிரந்தரமானது.

அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். உரலைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிராமலேயே சொன்னார்: "சார் என்னைக் கேட்டப்போ நீங்க பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தீங்க. அவரு கிட்ட சொல்றதுக்கு முன்னாடி, கழுவினியான்னு நீங்க என்னை ஒரு வாட்டி கேட்டிருக்கலாம்மா."

படிப்பு முடிந்து நானும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். பல வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம், நன்றாகத்தான் பேசிக்கொண்டோம். மன்னித்துவிட்டீர்களா என்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டவளுக்கு, பிறகு தன் நிம்மதிக்காக இன்னொன்றைக் கேட்க உரிமையில்லை என்றே இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.