வாய் மூட முடியாத வாசகர்கள்

பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவர் நாளெல்லாம் சொல்வது ஒரே எழுத்துதான். "ஆ காட்டுங்க. இன்னும் பெரிசா ஆ." எதிரே இருப்பவர் திருப்பிச் சொல்வதும் அதே எழுத்து. வருஷக்கணக்காக இப்படிச் சொல்லிச் சொல்லி அவருக்குத் தெருவில் 'ஆ அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் கடைக்குப் போனால் கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே ஒரு தடவை வாயைத் திறந்து மூடுவார். அக்கா சிரிக்க மாட்டார். "கடைசிப் பல்லைக் காட்டுங்க, சொத்தை இருக்கு" என்று சொல்லிவிட்டு வருவார்.

கிளினிக்கில் அவருக்கு எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, டாக்டர் கை நீட்டினால் சரியான கருவியை வைப்பது, பிறகு எல்லாவற்றையும் பின்னறைக்குக் கொண்டுபோய்க் கழுவி நீராவிப் பெட்டிக்குள் போட்டு மூடுவது என்று வேலை. அந்தப் பெட்டி கருவிகளை வேகவைத்து முடித்துக் 'கீச்' என்று கத்தும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு யாராவது இருந்தால் கண்ணை மூடியிருப்பார்கள். அக்கா கதை எழுதினார். கைக்குக் கிடைத்தது, நோயாளிகளின் கழுத்தில் கட்டும் காகிதத் துண்டு. ஒரு பக்கம் பிளாஸ்டிக், மறுபக்கம் தாள். தாள் பக்கத்தில் பேனா நன்றாக ஓடும்.

எழுதிய துண்டுகளைத் தனி இழுப்பறையில்தான் வைத்திருந்தார். ஒருநாள் அவசரத்தில் கை மாறிவிட்டது. கடைவாய்ப் பல் வலியோடு வந்த ஒரு எலெக்ட்ரீஷியன் கழுத்தில் கதை ஏறிவிட்டது. ஊசி போட்டு மரத்துப்போவதற்காகக் காத்திருந்த நேரம். டாக்டர் போன் பேச வெளியே போயிருந்தார். எலெக்ட்ரீஷியன் துண்டைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். கடைசி வரிவரை படித்தார்.

"சிஸ்டர், அஹ்ஹுறம் இந்தஹ் ஹொண்ணு என்ன ஆனா?" உதடு மரத்ததில் 'ப'வெல்லாம் போய்விட்டிருந்தது.

அக்காவுக்குக் காது மடல் சிவந்தது. வாழ்க்கையில் முதல் வாசகர்! "இன்னும் எழுதல" என்றார் மெதுவாக.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு ஹேரும் ஹேசவே மாட்டாங்களா?"

அன்று வீடு போகும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. உண்மைதான். அவர் கதைகளில் எல்லோரும் யோசித்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். ஒருத்தரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சுக்கு அவர் எங்கே போவார்? நாள் முழுக்க அவர் பழகுவது பேச முடியாத மனிதர்களோடு.

அடுத்த நாளிலிருந்து தன் டீயை எடுத்துக்கொண்டு நோயாளிகள் காத்திருக்கும் அறையில் போய் உட்கார ஆரம்பித்தார். கன்னம் வீங்கிய மனிதர்கள் வலியை மறக்க எவ்வளவு பேசுவார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்காரரின் அராஜகம், செருப்புத் திருட்டு, மருமகனின் குறட்டை எல்லாம் காதில் விழுந்தன. அக்காவின் கதைகளும் பேசத் தொடங்கின. தொடங்கியவை நிற்கவில்லை. இரண்டு பெண்கள் ஒரு கட்டில் வாங்கலாமா வேண்டாமா என்று பக்கம் பக்கமாகப் பேசி, கடைசியில் வாங்காமலேயே வீடு திரும்பும் கதை ஒன்று உண்டு.

அதைக் கணவரிடம் கொடுத்தார். அவர் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி கொடுப்பவர். பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆபத்து வந்தால் தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதிப்பதுதான் அவர் வேலை. அந்தக் கால் வீட்டிலும் சும்மா இருக்காது. பால் பொங்கினால் மிதிக்கும். பஸ்ஸில் போனால் வழியெல்லாம் மிதிக்கும்.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்கு."

எந்தக் கதைக்கும் அவர் சொல்வது இதுதான். ஆனால் அவர் படிக்கும்போது அக்கா முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். கட்டில் கதையில் இரண்டாம் பக்கத்திலேயே வலது கால் தரையில் அழுந்தியது. ஐந்தாம் பக்கத்தில் இரண்டு காலும் அழுந்தின. எங்கெல்லாம் கால் மிதித்ததோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, மறுநாள் வெட்டி எறிந்தார். கடைசியில் மிஞ்சிய இரண்டு பக்கத்தை ஒரு வாரப் பத்திரிகை வெளியிட்டது.

அதன்பின் பயம் வந்தது. அச்சான அந்தக் கதையில் வரும் ஒருத்தி வீட்டிலேயே இருந்த ஆள், அவர் நாத்தனார். கணவரின் அக்கா, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பக்கத்து அறையில் இருப்பவரிடம்கூட வெளியூர் லைனில் கத்துவதுபோல்தான் பேசுவார். யார் வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக ஃபிரிட்ஜைத் திறந்து, ஒவ்வொரு கிண்ணத்தையும் மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவார். அதை அப்படியே எழுதியிருந்தார் அக்கா.

நாத்தனார் பத்திரிகையை வாங்கிவந்து கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தார். அக்கா சமையலறையை விட்டு வரவில்லை.

"இந்தாம்மா, இங்க வா!"

"என்ன அண்ணி?" கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"அந்த ஃபிரிட்ஜ்காரி யாருன்னு நான் கண்டுபிடிச்சிட்டேன்."

"அண்ணி, அது வந்து..."

"மாடி வீட்டுக்காரிதானே? நல்லா மாட்டிவிட்ட! அப்புறம் கடைசில ஒரு நல்ல அத்தை வர்றாளே, ஆறுதல் சொல்லிட்டுப் போறவ, அது நான். சொல்லாத, எனக்கே தெரியும்."

மாடி வீட்டுக்காரம்மாவும் படித்துவிட்டு இறங்கி வந்து, ஃபிரிட்ஜ்காரி எதிர்வீட்டுக்காரி என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு அக்காவுக்குப் பயம் விட்டது. தெருவையே எடுத்து எழுதினார். தெருவே வாங்கிப் படித்து அடுத்த வீட்டைப் பார்த்துச் சிரித்தது.

கொஞ்சம் பெயர் வந்ததும் கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. ஒருநாள் நடுங்கிக்கொண்டிருந்த நோயாளி ஒருவருக்குக் கவனம் திரும்பட்டும் என்று தான் எழுதிக்கொண்டிருந்த கதையைச் சொன்னார். மனிதர் நடுங்குவதை நிறுத்தினார். மறுநாள் நடுங்காதவருக்கும் சொன்னார். பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். இதைவிட நல்ல வாசகர் எங்கே கிடைப்பார்? எழுந்து போக முடியாது, குறுக்கே பேச முடியாது, வாய் வேறு பிளந்திருக்கும். வலித்தால் கையைத் தூக்குங்கள் என்று டாக்டர் சொல்லியிருப்பார். சிலர் கதையின் நடுவில் கையைத் தூக்கினார்கள். அக்கா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் விரிவாகச் சொன்னார்.

கடைசியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு நிமிர்ந்தார். "டாக்டர், அடுத்த பல்ல ஊசி போடாமக்கூட பிடுங்குங்க, நான் தாங்கிக்கறேன். ஆனா இந்தம்மாவ அந்தக் கதைய மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."

டாக்டர் பாதி சங்கடமும் பாதி நிம்மதியுமாக, "ஆமா சிஸ்டர், வேண்டாமே. போன வாரம் முடிவு என்னன்னு கேட்டுட்டே நானும் பக்கத்துப் பல்லத் தொட்டுட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்த அக்கா பையை ஆணியில் மாட்டக்கூட இல்லை. "இனிமே எழுதறதா இல்ல" என்றார்.

நாத்தனாருக்குத்தான் கோபம் வந்தது. "யாரோ ஒருத்தி பல்வலில சொன்னா விட்டுடுவியா? தெருவுல பாதிப் பேர இன்னும் நீ எழுதவே இல்லையே! லைப்ரரில ஞாயித்துக்கிழமை கதை எழுதச் சொல்லித் தர்றாங்களாம். நோட்டீஸ் ஒட்டியிருக்கு. போய்ச் சேரு."

சேர்ந்தார். அந்த வகுப்பில் அவர்தான் வயதில் மூத்தவர். நடத்திய பெண் அவர் மகளாக இருக்கும் வயது. அக்கா அச்சான கதைகளையெல்லாம் பெருமையாகக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு அந்தப் பெண் அவற்றைத் திருப்பிக் கொடுத்தபோது, "மத்தவங்கள ரொம்ப நல்லாப் பாக்கறீங்கம்மா. ஆனா எல்லாக் கதையிலயும் நடுவுல ஒரே பொம்பள வர்றா. பொறுமைசாலி, கோபமே வராது, தப்பே பண்ண மாட்டா. யாரு அவங்க?" என்று கேட்டாள்.

அக்கா கதைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். திரும்பி நடந்து வந்த தூரமெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தார். ஊரார் முகத்தில் இருந்த மருவையெல்லாம் எழுதியவர், தன் முகத்துக்கு மட்டும் பவுடர் பூசி அனுப்பியிருந்தார்.

அந்த வாரம் புதுக் கதை ஒன்றை எழுதினார். பல் கிளினிக்கில் வேலை பார்க்கும் ஒரு பெண், வாய் மூட முடியாதவர்களாகப் பார்த்துப் பிடித்துத் தன் கதைகளைச் சொல்லுகிறாள். அவ்வளவுதான் கதை. கணவர் படித்தார். கால் அசையவே இல்லை. முடித்துவிட்டு 'நல்லா இருக்கு' என்றும் சொல்லவில்லை. தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டி வைத்தார்.

"அந்த டீச்சரம்மா கையத் தூக்கினாங்கல்ல, அப்ப உனக்கு நிஜமாவே புரியலையா?"

"புரிஞ்சுதுங்க. புரியாத மாதிரி இருந்துட்டேன். சொல்ல வேற யாரு இருந்தா எனக்கு?"

"நான் இருந்தேனே."

"நீங்க எதுக்கும் நல்லா இருக்குன்னுதானே சொல்வீங்க!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் சிரித்து முடித்துவிட்டு, மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி தனக்குப் பிடிபடவில்லை என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயால் சொன்ன முதல் குறை அது. அக்கா அந்த வரியை உடனே மாற்றினார்.

நாத்தனார் அச்சில் படித்துவிட்டுப் புரையேறும்வரை சிரித்தார். "இது நீதான்! அசல் நீயேதான்! பாதிக் கதைல எழுந்து போனா பிடிச்சு உக்கார வெப்பியே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா இதுலயும் ஒருத்தி வந்து ஃபிரிட்ஜ மோந்து பாக்கறாளே, அவ யாருன்னுதான் தெரியல. மாடி வீட்டுக்காரிதான் காலி பண்ணிட்டுப் போயிட்டாளே."

அக்கா இப்போது வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டார். நாவல் எழுதுகிறார். அதில் ஒருவன் இருட்டில் ஆற்றை நீந்திக் கடக்க வேண்டும். அக்கா குளியலறை வாளியைவிட ஆழமான தண்ணீரில் இறங்கியதில்லை. அதனால் நீச்சல் குளத்தில் பெண்களுக்கான காலை வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டார். தெர்மோகோல் பலகையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவே காலை உதைத்துக்கொண்டிருக்கிறார். நாத்தனார் கரையில் துண்டோடு உட்கார்ந்து குளம் முழுக்கக் கேட்கும்படி யோசனை சொல்லுகிறார்.

போன வாரம் முதல்தடவையாகப் பலகை இல்லாமல் முங்கி எழுந்தார். மூக்கில் தண்ணீர், கண்ணெல்லாம் சிவப்பு. கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியவர், லாட்டரி விழுந்ததுபோல் கத்தினார்: "அண்ணி! நாலாம் அத்தியாயம் முழுக்கத் தப்பு! தண்ணிக்குள்ள சத்தமே வேற மாதிரி இருக்கு! எல்லாத்தையும் திரும்ப எழுதணும்!"

"எழுதலாம், எழுதலாம்" என்றார் நாத்தனார். "மொதல்ல மேல ஏறி தலையத் துவட்டு."